ஏரிக்கரை உப்பு

"அக்கா, டிக்கெட் போட்டாச்சு! லடாக் போறோம். அந்த உப்பு ஏரிக்குத்தான்!"

எதிர் ஃபிளாட் ஷோபா வாசலில் நின்று குதிக்காத குறையாகச் சொன்னாள். கிரிஜாவுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

எரியாதா பின்னே? பதினைந்தாயிரம் அடி உயரத்தில் ஒரு ஏரி. அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அங்கே போய் நிக்கணும்" என்று ஷோபாவிடம் முதலில் சொன்னதே கிரிஜாதான்.

கணவர் சந்தானத்திடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் இதே ஊரில், போலாரத்தில் பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் உருது எட்டிப் பார்க்கும். "உப்பைப் பார்க்க அவ்வளவு தூரமா? நக்கோ, வேண்டவே வேண்டாம்! யாதகிரிகுட்டா கோயிலுக்குப் போயிட்டு சாயங்காலமே திரும்பிடலாம்" என்றார். அதோடு முடிந்தது பேச்சு.

ஷோபாவின் கணவன் ஸ்ரீகாந்தும் சந்தானத்தைப் போலக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்தான். ஆனால் ஆன்சைட் என்று அமெரிக்கா போய்ச் சம்பாதித்துவிட்டு வந்தவன். பெண்டாட்டி கேட்டதும் லீவு போட்டுவிட்டான்.

இந்தப் பயணத்தை எப்படியாவது நிறுத்திவிடுவது என்று கிரிஜா முடிவு கட்டினாள்.

"அங்கே பாத்ரூமே கிடையாதாம் ஷோபா. வெட்டவெளிக்குத்தான் போகணுமாம்."

மறுநாள் ஷோபா சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லவேளை சொன்னீங்க அக்கா! பாத்ரூமோட இருக்கற டென்ட்டா மாத்திட்டோம்."

"குளிர்ல மூக்கு, காதெல்லாம் மரத்துப் போயிடுமாமே?"

"டென்ட்டுக்குள்ள ஹீட்டர், படுக்கையில வெந்நீர்ப் பை, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு அக்கா!"

"ரோடே சரியில்லையாம். இடுப்பு கழண்டுடும்."

"ஜீப் வேண்டாம்னுட்டு இன்னோவா சொல்லிட்டார்!"

கிரிஜா பயமுறுத்தப் பயமுறுத்த, அவர்கள் பயணம் சொகுசாகிக்கொண்டே போனது. இவளுக்கு எரிச்சலும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பெரிய குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். திருமுல்கேரியில எங்களுக்குத் தெரிஞ்ச மிலிட்டரிக்காரர் ஒருத்தர். ஆள் அவ்வளவு வாட்டசாட்டம். அந்த ஏரிப் பக்கம் டியூட்டிக்குப் போனவர், மூச்சு முட்டிப் பெட்டியிலதான் திரும்பி வந்தார்."

அப்படி ஒரு மிலிட்டரிக்காரரை கிரிஜா ஜென்மத்தில் பார்த்ததில்லை.

ஷோபாவின் முகம் வெளுத்துப் போனது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாடா, ஒழிந்தது என்று கிரிஜா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தது.

"அக்கா, முதல்ல லே டவுன்ல கூடுதலா தங்கி உடம்பைப் பழக்கிக்கிட்டுத்தான் ஏரிக்குப் போகப் போறோம். வண்டியிலயே ஆக்சிஜன் சிலிண்டரும் வருது. அவர் 'தண்டச் செலவு'ன்னு சிரிச்சார். கிரிஜா அக்கா காரணமில்லாம சொல்ல மாட்டாங்கன்னு நான்தான் சண்டை போட்டு ஏற்பாடு பண்ண வெச்சேன்."

சிலிண்டருமா!

அவர்கள் கிளம்பிய அன்று பால்கனியில் நின்று சிரித்த முகமாகக் கையசைத்தாள். டாக்ஸி கொண்டாப்பூர் மெயின் ரோட்டில் திரும்பி மறைந்ததும், 'போன இடத்துல ஒரு நாளாவது படாத பாடு படட்டும்' என்று மனசாரச் சொல்லிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய ஷோபா தன் வீட்டைக்கூடத் திறக்கவில்லை. நேராக கிரிஜா வீட்டுக்கு வந்து, அவள் காலில் விழுந்தாள்.

"ஐயோ, என்ன ஷோபா இது? எழுந்திரு!"

"இவர் உயிரோட திரும்பினது உங்களாலதான் அக்கா. ஏரிக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கே மூச்சுத் திணறிச் சாஞ்சுட்டார். உதடெல்லாம் நீலம் பாரிச்சுடுச்சு. அந்தச் சிலிண்டரை மாட்டித்தான் லே ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வந்தோம். அது இல்லேன்னா வழியிலேயே முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

பின்னால் ஸ்ரீகாந்த் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவன் கையெடுத்துக் கும்பிட்டபோது, நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்க கிரிஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பால்கனியில் நின்று அவள் சொன்னது இப்போது அவள் காதிலேயே கேட்டது.

ஷோபா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தாள்.

"அந்த ஏரிக்கரை உப்பு அக்கா. டிரைவர் அள்ளிக் கொடுத்தார். நாங்க கிளம்பினப்ப யார் யாரோ பொறாமைப்பட்டாங்க. யார் கண்ணு பட்டுச்சோ தெரியலை. எங்க நல்லதை நினைச்சது நீங்க ஒருத்தர்தான். உங்க கையாலேயே எங்களுக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுடுங்க."

மறுக்க வழியில்லை. இருவரையும் கிழக்கே பார்க்க உட்காரவைத்தாள். உப்பைக் கைநிறைய அள்ளி, காய்ந்த மிளகாயும் சேர்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள்.

"ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளைக் கண்ணு, பக்கத்து வீட்டுக் கண்ணு, எதிர்..."

அதோடு நிறுத்தினாள்.

ஷோபா சிரித்தாள். "எதிர்வீட்டை விட்டுடுங்க அக்கா. அங்கே இருக்கறது நீங்கதானே?"

கிரிஜா விடவில்லை. எதிர்வீட்டுக் கண்ணை மட்டும் இரண்டு தரம் சொல்லிச் சுற்றினாள்.