உங்க அண்ணன்கிட்ட சொல்லு

"பம்ப்புக்கு டீசல் வரலைன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்றார் அண்ணன், டிராக்டரின் இந்தப் பக்கம் நின்று.

"டேங்க் குழாயைக் காலையிலேயே திறந்துட்டேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார் கணவர், அந்தப் பக்கம் நின்று.

அவள் இரண்டையும் சொன்னாள். கைக்கெட்டும் தூரம்தான். ஆனாலும் அவள் சொன்னால்தான் அவர்கள் காதில் விழும். எதற்குச் சண்டை என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. பேசுவதில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

அவளுடைய அப்பா காலத்து டிராக்டர். பல வருஷம் ஷெட்டில் முடங்கிக் கிடந்ததை இருவரும்தான் கழற்றி, புது பிஸ்டன் போட்டு மாட்டினார்கள். டேங்க்கும் குழாயும் கணவர் பொறுப்பு, பம்ப் அண்ணன் பொறுப்பு. ஒருவர் வேலையை மற்றவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு வாரமாக இன்ஜின் இருமக்கூட இல்லை.

"பம்ப்பை ஒழுங்கா மாட்டியிருந்தா..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நீங்களே பேசிக்குங்க. நான் டீ போடப் போறேன்."

அவள் போய்விட்டாள். ஷெட்டில் இருவரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, குழாய் மூடியிருக்கே!"

"இருக்காதே மச்சான், நான்தானே திறந்தேன்!"

சற்று நேரத்தில் இன்ஜின் சத்தத்தில் ஷெட்டுக் கூரை அதிர்ந்தது.

டீ வந்தது. அண்ணன் டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, டீசல் வாசனை அடிக்குது?"

"தினமும் இவர் திறந்துட்டுப் பல் விளக்கப் போனதும், போய் மூடுற கை இதுதாண்ணே. வாசனை வராதா? சர்க்கரை போதுமான்னு உங்க மாப்பிள்ளையை நீங்களே கேட்டுடுங்க."