வைத்தியருக்கு அஞ்சலி

கீபோர்டில் மண்டியிடும் பட்டனுக்குப் பதிலாகப் பக்கத்துப் பட்டனை அழுத்தித் தொலைத்துவிட்டேன்; முப்பது பேர் மண்டியிட்டிருக்கும் அஞ்சலிக் கூட்டத்தின் நடுவே, கவசமும் கோடரியுமாக என் வீரன் இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருக்கிறான். "மாமா, எழவு வீட்ல இதென்னய்யா கூத்து?" ஹெட்போனில் எங்கள் குழுவின் வில்லாளி சீறுகிறான். இந்த ஆன்லைன் விளையாட்டில் ஆறு வருடமாக எங்கள் காயங்களை ஆற்றியவர் வைத்தியர். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. இங்கே நாங்கள் தினமும் செத்துச் செத்து எழுவோம். அவர் போன வாரம் வீட்டில் செத்துவிட்டார். அவருடைய வெள்ளை அங்கி உருவத்தை இன்று அவர் மனைவி நகர்த்துகிறார். பழக்கமில்லாததால் அது சுவரில் முட்டி முட்டி நிற்கிறது. என் அறையில் ஞாயிற்றுக்கிழமை வெயில், கீபோர்டின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. சொந்த அண்ணன் கல்யாணத்துக்குப் போகாமல் வைத்தியரோடு டிராகன் கொன்றவன் நான். அதனால் மைக்கில் வைத்தியரின் மனைவியிடம் கேட்கிறேன்.

"அண்ணி, எங்களைப் பத்தி வீட்ல என்ன சொல்வாரு?"

"நல்லவிதமாத்தான்..."

"என்னைப் பத்தி?"

"ம்... சொல்லுவாரு."

"என்ன சொல்வாரு அண்ணி?"

வெள்ளை அங்கி உருவம் மறுபடியும் சுவரில் முட்டி நிற்கிறது.

"கதவைச் சாத்திக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்னு சொல்வாருங்க. நீங்கள்லாம் இருக்கீங்கன்னே அவர் போனப்புறந்தான் எனக்குத் தெரியும்."