வலது காது

இடது காது முடிந்திருந்தது.

வலது காதுக்கு ஆசாரி கம்பியை எடுத்தபோது குழந்தை தாய்மாமன் மடியில் வில்லாய் வளைந்து வீறிட்டது. தன்விகா. மூன்று வயது.

அங்கமுத்து ஆசாரி கம்பியைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார்.

அழட்டும். எல்லாக் குழந்தைகளும் அழும். முப்பது வருடமாக இந்தக் கோயில் மண்டபத்தில் காது குத்துகிறார். எந்த அழுகைக்காகவும் ஒரு காதைப் பாதியில் விட்டதில்லை.

குழந்தையின் அப்பா பூபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் அவர்கள் வளர்க்கும் வெள்ளை நாய்க்குட்டி, மிட்டாய். அதன் கழுத்தில் பட்டு ரிப்பன்.

"அழுவாத சாமி. பாரு, மிட்டாய்க்கும் காது குத்தப் போறோம்."

பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்றுதான் ஆசாரி நினைத்தார்.

பூபதி சட்டைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தான். இன்னொரு ஜோடித் தோடு. குழந்தையுடையதைப் போலவே சிவப்புக் கல்.

"இதுக்கும் குத்தி உட்ருங்க, ஆசாரி. ரெண்டும் ஒரே மாதிரி தோடு போட்டுட்டு இருந்தா வீடியோல நல்லாருக்கும்."

யாரோ சிரித்தார்கள். செல்போன்கள் உயர்ந்தன.

பூபதி குட்டியின் நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்து நீட்டினான்.

ஆசாரி அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். மெல்லிய மடல். சூடாக இருந்தது. வெளிச்சத்தில் நரம்புகள் சிவப்பாய்த் தெரிந்தன. ஒரு நொடி வேலைதான்.

குட்டி அவர் விரலை நக்கியது.

"இது வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"பாவமுங்க. நம்ம ஆசைக்கு அதைக் குத்தறதா? வேணும் வேண்டாம்னு சொல்ல அதுக்குத் தெரியுமா?"

பூபதியின் முகம் மாறியது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எம் புள்ளைய மட்டும் கேட்டுட்டா குத்துனீங்க?"



ஆசாரிக்குப் பதில் தெரியும். இது முறை. அது விளையாட்டு. வாய் வரை வந்துவிட்டது.

அதற்குள் கண் குழந்தையிடம் போயிற்று.

குழந்தையின் இடது காதில் ஒரு சொட்டு ரத்தம் தோட்டின் கல்லோடு கல்லாய் நின்றது.

பூபதி குட்டியைக் கீழே விட்டான். அது உடம்பை உதறிக்கொண்டு நாற்காலிகளுக்கு அடியில் ஓடிப் போயிற்று.

"சரி, உடுங்க. நல்ல நேரம் முடியப் போகுது. பாப்பாவுக்கு முடிங்க."

தாய்மாமன் குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தான். தலையை மார்போடு அழுத்திக்கொண்டான். வலது காது மேலே வந்தது. மையால் வைத்த புள்ளி வியர்வையில் கலங்கியிருந்தது.

"கையை உடுங்க," என்றார் ஆசாரி.

"உட்டா திமிறுமுங்க."

"உடுங்க."

விட்டான்.

ஆசாரி குனிந்தார். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டிராததை, குழந்தைக்கு மட்டும் கேட்கும்படிக் கேட்டார்.

"குத்தட்டுமா, சாமி?"

அழுகை நின்றது. குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. கம்பியைப் பார்த்தது.

பிறகு உள்ளங்கையால் வலது காதை மூடிக்கொண்டது.

"கையை எடு, கண்ணு," என்றாள் அம்மா.

ஆசாரி கம்பியோடு தன் கையை எடுத்துக்கொண்டார்.