ஏழு பேர் உட்காரும் வண்டி

வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்த வெசோங்கா, பக்கத்து சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரிக்கு இது பிடிச்சுப் போயிடும், ஃபுண்டி."

ஃபுண்டி என்றால் அந்த ஊரில் மெக்கானிக். மெக்கானிக் ஒல்வாண்டேக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்த வீட்டுக்காரியின் பெயர் அகேயோ. மூன்று வருடத்துக்கு முன்பு வரை ஒல்வாண்டேயின் மனைவி.

வெசோங்காவுக்கு அது தெரியாது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை போன் வந்தது. கிசுமுவில் பழைய வண்டி பார்த்துச் சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள், சனிக்கிழமை பழைய வண்டி விற்கும் யார்டுக்கு என்னோடு வர முடியுமா என்று கேட்டது குரல். வெசோங்கா என்று பெயரைச் சொன்னதுமே ஆள் யாரென்று புரிந்துவிட்டது. டிசம்பரில் நடந்த அவர்கள் கல்யாணத்தின் படங்களை போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பான்!

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆளை நேரில் பார்க்கும் ஆசை விடவில்லை.

பார்த்தாயிற்று. சர்க்கரை ஆலையில் இன்ஜினியர். லேசான தொப்பை. எதைக் கேட்டாலும் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பதில் சொல்கிற சுபாவம். அந்த நிதானமே ஒல்வாண்டேக்கு எரிச்சலாக இருந்தது.

வெசோங்காவுக்குத் தேவை தெளிவாக இருந்தது. ஏழு பேர் உட்கார வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் ரோட்டில் அடி தட்டக் கூடாது. அதற்காக லாரி மாதிரியும் இருக்கக் கூடாது.

அப்படி இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டும் ஜப்பானில் ஓடிவிட்டுக் கப்பலில் வந்தவை.

சாம்பல் நிற வண்டி மூன்று வருடம் பழையது. பம்பரில் ஒரு கீறல். துணி சீட். ஒல்வாண்டே அதன் அடியில் படுத்துப் பார்த்தான், துரு இல்லை. கியர் ஆயில் இளஞ்சிவப்பாக, கருகாமல் இருந்தது. ஆறிக் கிடந்த இன்ஜின் ஒரே திருகலில் புகையில்லாமல் கிளம்பியது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. தங்கமான வண்டி.

வெள்ளை வண்டிக்குக் கண்ணாடிக் கூரை, தோல் சீட், முன்னால் தட்டு அகலத்துக்கு ஒரு தொடுதிரை. உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது.

எதையோ மறைப்பது போலிருந்த அந்த வாசனைதான் அவனைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனது.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தான். நுனியில், யாரும் கழுவ நினைக்காத இடத்தில், காய்ந்த சேற்றின் பழுப்புக் கோடு. கார்ப்பெட்டைத் தூக்கினான். சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன.

வெள்ளத்தில் சீட் வரை மூழ்கிய வண்டி. கழுவிக் காயவைத்து விற்கிறார்கள். ஆறு மாதம் வெண்ணெய் போல ஓடும். அப்புறம் உள்ளுக்குள்ளே வயர் பச்சை பூத்து, நட்டநடு ரோட்டில் நின்றுவிடும். மோதினால் காற்றுப் பை விரியுமா என்பது யாருக்கும் தெரியாது.

"எப்படி இருக்கு, ஃபுண்டி?"

ஒல்வாண்டே பெல்ட்டை விட்டான். அது சரசரவென்று உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

அவன் கண்ணுக்குள் அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டே பேர். ஜன்னலில் முழங்கையை வைத்துச் சிரிக்கும் அகேயோ, பக்கத்தில் வெசோங்கா. ஒல்வாண்டேயின் காலத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டும் புழுதியும்தான். ககமேகா ரோட்டில், கொட்டும் மழையில், இந்த வண்டி நிற்கட்டும். அவள் திரும்பி வெசோங்காவை ஒரு பார்வை பார்க்கட்டும்.

"சுத்தமா இருக்கு. எடுத்துக்கோங்க."

யார்டுக்காரர் காகிதங்களை பானெட்டின் மேல் பரப்பினார். பேனாவைத் திறந்த வெசோங்கா, எழுதாமல் நிமிர்ந்தான்.

"ஒண்ணு சொல்லிடறேன், அண்ணே. நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். அகேயோதான் உங்க நம்பரக் கொடுத்தா. அமோண்டி இனிமே ஹாஸ்டல்ல இருக்க மாட்டேங்குறா. அடுத்த டெர்ம்ல இருந்து தினமும் நான்தான் அவள ஸ்கூல்ல விடணும். 'அவ போற வண்டிய அவங்க அப்பாவே பார்க்கட்டும், அவர் கண்ணுல எதுவும் தப்பாது'ன்னு அகேயோ சொன்னா."

அமோண்டிக்குப் பத்து வயது.

கண்ணுக்குள் ஓடிய அந்த வண்டியின் ஏழு சீட்டில் ஒன்றில்கூட ஒல்வாண்டே தன் மகளை உட்கார வைத்துப் பார்க்கவில்லை.

அவன் கை தானாகப் போய்க் காகிதத்தை மூடியது.

"இது வேண்டாம். வெள்ளத்துல மூழ்கின வண்டி. அந்தச் சாம்பல் கலர எடுங்க."

"இப்பதானே சுத்தமா இருக்குன்னீங்க?"

யார்டுக்காரர் குரலை உயர்த்தினார். வெசோங்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினான். ஒல்வாண்டேயின் முகத்தையே பார்த்தான். ஒரு நொடிதான். எல்லாம் புரிந்துவிட்டது.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"வீட்ல நான் எதுவும் சொல்ல மாட்டேன், அண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சாம்பல் வண்டியைப் பார்த்து நடந்தான்.

சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஒல்வாண்டேக்கு.

இப்படிப்பட்டவனை அமோண்டி சீக்கிரமே அப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.