மேலாளர் வளர்த்த செடி

ஓய்வுபெற்ற மேலாளர் பழைய அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் அளந்து அளந்து தண்ணீர் விட்டும் அழுது வடிந்துகொண்டிருந்த பாலைவன ரோஜாச் செடி, ஜன்னலோரம் பூத்துக் குலுங்கியது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் போனப்புறமும் என் செடியை இப்படிப் பார்த்துக்கிறீங்களே! என்னய்யா உரம் போட்டீங்க?"

காசாளர் தலையைச் சொறிந்தார். "உரமா? செடி வாடினா நீங்க எங்க மேல எரிஞ்சு விழுவீங்க சார். அந்தப் பயத்துல, நீங்க அந்தப் பக்கம் போனதும் ஆளாளுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்திடுவோம். வேர் அழுகாம என்ன செய்யும்?"

"இப்போ?"

"இப்போ அதை யாரு சார் சீந்துறாங்க? புது மேலாளரோட மீனைக் கவனிக்கவே நேரம் சரியாயிருக்கு."

மேலாளர் எட்டிப் பார்த்தார். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மீன், திரும்பக்கூட இடமில்லாமல், பூசணிக்காயாய் ஊதிக் கிடந்தது.