சேர்ந்து வாழ்கிறவர்கள்

நோரீன் வந்த காரியத்தைச் சொல்லுமுன்பே, ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரப் பென்ஷன் அலுவலகத்துக் கெர்ரி ஆரம்பித்துவிட்டாள்.

"கணவரோட சேர்ந்து இருக்கறதா எழுதியிருக்கீங்க. உண்மைதானா?"

"உண்மைதான் கண்ணு. அம்பத்திரண்டு வருஷம். தினமும் அவருக்குச் சவரம் பண்ணி விடறதே நான்தான். டீயில சர்க்கரை பத்தலைன்னு திட்டு வேற வாங்குவேன்."

கெர்ரி திரையைப் பார்த்தாள். "ஆனா உங்க கணவர் கிளைவ் ரெண்டு வருஷமா முதியோர் இல்லத்துல இருக்காரே. நோயால பிரிஞ்சவங்கன்னு குறிச்சிருந்தா ரெண்டு பேருக்குமே பென்ஷன் கூடியிருக்கும். ஒண்ணா இருக்கறவங்களே தனித்தனின்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. நீங்க என்னடான்னா..."

"தெரியும். முதல் நாளே இல்லத்துல சொன்னாங்க. சாயங்காலம் நான் கிளம்பறப்பெல்லாம், 'என்னை விட்டுட்டுப் போறியா'ன்னு கேட்பார். இல்லவே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, உங்ககிட்ட பிரிஞ்சுட்டோம்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

இவளுக்கு ஏதாவது நல்லது செய்தே ஆக வேண்டும் என்று கெர்ரி புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"பரவாயில்லை நோரீன், இன்னைக்கே மாத்திடலாம். ஒரு டிக் போட்டாப் போதும்."

நோரீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கட்டங்களை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள்.

"அதை மாத்தத்தான் கண்ணு வந்தேன். வியாழக்கிழமை அவர் போயிட்டார். விதவைக்கு இதுல எந்தக் கட்டம்?"