அடுப்புச் சுவருக்கு ஒரு நிறம்

மலேசியாவின் லூனாஸ் ஊரில் ஒரு டைல்ஸ் கடையின் வாசலோடு பிற்பகல் வெயில் நின்றுவிடுகிறது. உள்ளே, மேசையில் பரப்பியிருக்கும் மாதிரிகளைக் குணாளன் ஒவ்வொன்றாக எடுத்து மனைவி இராசாத்தியின் கையில் வைக்கிறார். சர்க்கரை நோய் போன வருடம் அவள் பார்வையை முழுசாகப் பறித்துவிட்டது. எண்ணெய் தெறித்துக் கறுத்துப்போன அடுப்புச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டித் தரச்சொல்லி அவள் கேட்டபோதெல்லாம், "தீபாவளிக்குப் பாத்துக்கலாம் லா" என்றே சொல்லிவந்தவர் அவர். சொரசொரப்பான கல்லை அவள் தள்ளிவைக்கிறாள். அடுத்து வந்த கண்ணாடித் துண்டின் மேல் விரல்கள் தயங்கி நிற்கின்றன. வளையல் அதில் பட்டு மெல்லச் சத்தமிடுகிறது. "இது வழவழன்னு இருக்குங்க. துடைச்சா எண்ணெய் போயிடும். என்னா கலரு?" "நீலம்." "எந்த மாதிரி நீலம்?" அவர் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். "கல்யாணமான புதுசுல கோலா கெடாவுக்குப் படகு பாக்கப் போனோமே, அன்னிக்கு நீ கட்டியிருந்த சேலை மாதிரி." இராசாத்தியின் முகம் மலர்கிறது. பிறகு இல்லையென்று மெதுவாகத் தலையை ஆட்டுகிறாள். "அது பச்சைங்க." குணாளன் கையிலிருந்த துண்டை மறுபடியும் பார்க்கிறார். அந்தச் சேலையை அவள் எத்தனையோ வருடம் கட்டியிருக்கிறாள். "அப்ப பச்சையே பாப்போமா?" என்கிறார், குரல் இறங்கி. "வேணாங்க," என்று அவள் கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்துகிறாள். "நீலமே எடுங்க. இனிமே நீங்கதானே பாக்கப்போறீங்க."